பத்தரை சென்டிமீட்டர் உயரத்தில் இருங்காட்டுக்கோட்டை வரை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குப் படப்பையிலிருந்து ஸ்போர்ட்ஸ் காரில் கிளம்பினேன்.
2. சேரப்பணஞ்சேரியில் மெர்லின் ஏறிக்கொண்டாள்.
3. ஒரகடம் தாண்டி, வல்லம் வடகாலுக்கு அருகே ஒரு நீள டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டிருந்தது. போலீஸ்காரர் சின்ன வண்டிகளை ஊருக்குள் திருப்பிவிட்டார்.
4. ஊருக்குள் ஒரு வேகத்தடை. உயரம் பதினான்கு சென்டிமீட்டர். எங்கள் காரின் அடிவயிறு தரையிலிருந்து பத்தரை சென்டிமீட்டர்.
5. அந்தத் தடையை டேப் வைத்து அளந்தேன். அளந்திருக்கக் கூடாது.
6. எட்டு மணிக்குள் பந்தயத் தடத்தில் இருக்க வேண்டிய நாங்கள், ஏழேகால் வரை அங்கேயே இருந்தோம்.

இனி விவரம்.

இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத் தடம் இருப்பது சென்னையில் பலருக்குத் தெரியும். பந்தயம் இல்லாத சில நாட்களில், பணம் கட்டினால் நம் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. தலா இருபது நிமிடமாக நான்கு தவணை ஓட்டம். அன்றைய கட்டணம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. காலை எட்டு மணிக்குள் காரைச் சோதனைக்கு நிறுத்த வேண்டும். அதற்குப் பின் வருபவர்களை உள்ளே விடுவதில்லை.

எங்கள் கார் பதினோரு வயதான இரண்டு கதவுக் கார். பாதிப் பணம் என்னுடையது, பாதி மெர்லினுடையது. நான் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். அவள் வேறொரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. ஏழு மாதமாக, ஷிப்ட் இடித்துக்கொள்ளாத ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றினோம். சாதாரண ஆயில் தடத்தின் சூட்டில் கொதித்துவிடும், பிரேக் பிடிக்காமல் மிதித்த கால் காரின் தரைப்பலகைவரை போகும். பிறகு பிரேக் பேடுகள், ரப்பர் மென்மையான டயர்கள், ஓட்டுபவருக்குத் தோளைப் பிடித்து உட்கார வைக்கும் பந்தய இருக்கை. பின்னிருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்தாயிற்று. என் அம்மா அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள்.

கடைசி வேலை சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்கு அடியில் மரையிட்ட வளையம் ஒன்று உண்டு. அதைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். கார் தாழ்ந்திருந்தால் வளைவில் சாயாது. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் இரவல் வாங்கிய எடைமேடைகளை வைத்து, ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு அரிசி மூட்டைகளை ஏற்றி, இரண்டு ஞாயிறு முழுக்க வளையங்களைத் திருகி எடையைச் சமன் செய்தோம். அப்படி வந்ததுதான் அந்தப் பத்தரை.

மெர்லினுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அடுத்த மாதம் ஹோசூர். மழைக்காலம் முடிந்துதான் அடுத்த ஓட்டம் என்றார்கள். ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து ஓட்ட இருந்தது அந்த ஒரு நாள்தான்.

காலை 5.15, படப்பை. இருங்காட்டுக்கோட்டை இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். வழியிலுள்ள வேகத்தடைகளை முந்தின வாரமே ஸ்கூட்டரில் போய் அளந்திருந்தேன். எதுவும் ஒன்பது சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. முதல் ஷேர் ஆட்டோக்கள் அப்போதுதான் ஸ்டாண்டுக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு டிரைவர் ஜன்னலில் குனிந்து, "இன்னா மேடம், பஞ்சரா? இவ்ளோ கீழ எறங்கிக் கீது?" என்றார். இல்லை, இதுதான் உயரம் என்றேன். நம்பாமல் நான்கு டயரையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

5.30, சேரப்பணஞ்சேரி. மெர்லின் வீட்டு வாசலில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தாள். அவள் அப்பா காரின் கூரையில் கை வைத்துச் சுருக்கமாக ஒரு ஜெபம் செய்தார். முடித்துவிட்டு, "பிரேக் ஆயில் மூடிய இறுக்கினீங்களா?" என்று கேட்டார். இறுக்கியிருந்தோம்.

5.55, ஒரகடம். பெரிய சாலை காலியாக இருந்தது. எதிரே இரவு ஷிப்டை இறக்கப் போகும் கம்பெனிப் பேருந்துகள் மட்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்பினோம். வல்லம் வடகாலை நெருங்கும்போது முன்னால் போன வண்டிகள் எல்லாம் நின்றன. ஏதோ பிரம்மாண்ட இயந்திரத்தை ஏற்றிய டிரெய்லர், திரும்பும்போது நடுத்திட்டில் சிக்கியிருந்தது. போலீஸ்காரர் இடப்பக்கம் கை காட்டினார். "உள்ள போயி ரெண்டு கிலோமீட்டர், அந்தாண்ட வெளிய வந்துடலாம்." அந்தப் பாதையை நான் அளந்திருக்கவில்லை.

6.15. ஒருபக்கம் தொழிற்சாலைச் சுற்றுச்சுவர், மறுபக்கம் முப்பது நாற்பது வீடுகள். நடுவே அந்தத் தடை: உடைத்த கான்கிரீட் கட்டிகளைக் கொட்டி, மேலே சிமெண்ட் பூசியது. அரசு போட்டதல்ல என்பது பார்த்தாலே தெரிந்தது. இறங்கி டேப்பை நீட்டினேன். மெர்லின் போனில் குறித்துக்கொண்டாள்.

"உயரம் பதினாலு."

"அகலம்?"

"அறுபத்தஞ்சு."

"இன்னாமா அளக்குற?"

குரல் ஓரத்து வீட்டிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில், இடது காலை நீட்டி ஒரு ஸ்டூலில் வைத்து, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிடித்து நடக்கும் வாக்கர். பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"சும்மாக்கா. உயரம் எவ்வளவுன்னு."

"சும்மா யார்னா டேப்ப எத்துகினு வருவாங்களா? போன வாரமும் ரெண்டு பேரு சும்மாதான் அளந்தாங்கோ. மறுநாளு ஜேசிபி வந்துச்சு."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் குழாயடியிலிருந்து மூன்று பெண்கள் வந்து, குடங்களைக் கீழே வைத்துவிட்டு, தடையின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. ஜேசிபியையும் அப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கஸ்தூரி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்தவள். போன வருடம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையப்போகும்போது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட இன்னொரு கம்பெனியின் வேன் அடித்துவிட்டது. பெரிய சாலையின் நெரிசலைத் தவிர்க்க வேன்கள் இந்த வழியாகத்தான் பறக்குமாம். மனு கொடுத்தும் வேகத்தடை வரவில்லை. ஊர்க்காரர்களே போட்டுக்கொண்டார்கள். வேன்காரர்கள் புகார் கொடுத்தார்கள். புகாருக்கு மட்டும் ஆள் வந்தது.

"நாங்க ஆபீஸ்லேருந்து வரலக்கா," என்றாள் மெர்லின். "ரேஸ் ட்ராக்குக்குப் போறோம்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ரேஸா?" கஸ்தூரி காரை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தாள். "அங்க போயி இன்னா பண்ணுவ?"

"ரவுண்டா சுத்துவோம்."

"சுத்திட்டு?"

"கெளம்புன எடத்துக்கே வருவோம்."

"துட்டு குடுத்தா?"

"ஆமாக்கா."

"பின்னால யாரும் தொரத்தல?"

"இல்ல."

தடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "நம்ம ஊட்டு ஆம்பளங்க பரவால்லடி. துட்டு குடுக்காமத்தான் சுத்துறானுங்க."

அவர்கள் சிரித்தார்கள். எழுந்திருக்கவில்லை.

"எவ்ளோ ஸ்பீடு போவும்?" என்று என்னைக் கேட்டாள்.

"அங்க நூத்தம்பது. இந்த மாதிரி ரோட்டுல இருபது."

"வேன்காரனக் கேட்டாலும் இருபதுன்னுதான் சொல்லுவான். எங்கால்ல ராடு கீது. நீ சொல்லு, ஒன் வண்டியில இன்னா கீது?"

அளந்த காரணத்தைக் காட்டுவது ஒன்றுதான் வழி. "இதான்க்கா விஷயம், வண்டிக்கு அடில பாருங்க," என்றேன். தடையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, குனிந்து, காருக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். "ஐய, நாய்க்குட்டி கூட பூராது கஸ்தூரி. மெய்யாலுமே இடிக்கும்."

கஸ்தூரியின் முகம் சற்றுத் தளர்ந்தது. "வாங்குனப்பவே இப்டியா?"

"இல்லக்கா. நாங்கதான் எறக்குனோம்."

"ரெண்டு பலகை கெடைக்குமாக்கா?" என்று மெர்லின் இடையில் கேட்டாள். "சரிவா வச்சு ஏத்திட்டுப் போயிடுவோம்."

"பலகை போட்டா நீ போவ. ஒம்பின்னாலயே வேனும் போவும். பலகை கெடையாது." பிறகு என்னைப் பார்த்து, "நீதான எறக்குன? அப்ப ஏத்து," என்றாள்.

மெர்லின் என்னை ஓரமாக இழுத்தாள். "ஏய், ரெண்டு ஞாயித்துக்கிழமைடி. வளையத்தைத் தொட்டா பேலன்ஸ் மொத்தமும் போச்சு."

திரும்பிப் போக நினைத்தாலும் பின்னால் வண்டிகள் அடைத்து நின்றன. போனாலும் டிரெய்லர் இருந்தது. "தடத்துக்குப் போகாத காருக்கு பேலன்ஸ் எதுக்கு?" என்றேன்.

ஜாக்கியை இறக்கினோம். ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, வளையத்தை நாலு சென்டிமீட்டர் ஏற்றினோம். இரண்டாவது சக்கரத்தில் குடத்துப் பெண்கள் நட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னால் காத்திருந்த பைக்காரர்கள் தடையின் ஓரமாகப் போய்விட்டார்கள். ஒரு கார்க்காரர் மட்டும் ஹாரன் அடித்தார். "அடிச்சுக்கோ, பொண்ணுங்க வேல செய்யுது," என்றாள் கஸ்தூரி. அவர் நிறுத்திக்கொண்டார்.

பதினான்கரை வந்தது. அரை சென்டிமீட்டர் மிச்சம். எடையைக் குறைக்க மெர்லின் நடந்து வந்தாள். ஜாக்கியை எங்கே வைப்பது என்று பார்க்கும்போது கஸ்தூரி சொன்னாள்: "அத்த இங்க வையி. சாயங்காலமா வந்து எத்துக்க. நீ நேரா ஆபீசுக்குப் போயி ஜேசிபியோட வந்தன்னா, ஜாக்கி எங்க கைல கீது."

அடமானம்தான். வைத்தேன். குனிந்து பார்த்த பெண் சாலையில் கன்னத்தை வைத்துப் படுத்து, "வா, வா, மெதுவா, வா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு பின்சக்கரமும் இறங்கியது.

7.50, இருங்காட்டுக்கோட்டை. சோதனையில் ஒருவர் பெல்ட், பேட்டரிப் பிடி, இழுவைக் கொக்கி, பிரேக் ஆயில் எல்லாம் பார்த்தார். எழுந்து தள்ளி நின்று காரைப் பார்த்தார். "ஊட்டிக்குப் போற வழியில இங்க வந்தீங்களாம்மா?" என்றார். ஸ்டிக்கரை ஒட்டினார்.

ஜாக்கி இரவல் கேட்கலாம், மறுபடி இறக்கலாம் என்றாள் மெர்லின். இறக்க ஒரு மணி நேரமாகும், எடைமேடை இல்லாமல் சமனும் திரும்பாது. அப்படியே ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

தடம் ஒரு சுற்று மூன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே நுழைந்ததும் முதலில் உறைப்பது, எதிரே யாரும் வரமாட்டார்கள் என்பது. மாடு இல்லை, பைக் இல்லை, தவறான பக்கத்தில் வரும் லாரி இல்லை. ஒரு சுற்றுக்குப் பிறகுதான் அது உடம்புக்கு எட்டியது. தோள் தானாக இறங்கியது. நேர்பாதையில் நூற்று ஐம்பத்தொன்று. முடிவில் பிரேக்கை முழுவதும் மிதித்தேன். கால் பலகை வரை போகவில்லை; நான்காவது தவணையிலும் போகவில்லை. ஏழு மாதத்தில் நான் அதிகம் கவலைப்பட்டது அதற்குத்தான். வளைவுகளில் கார் படகு மாதிரி சாய்ந்தது. வலது வளைவில் ஒழுங்காகத் திரும்பும், இடது வளைவில் அடம் பிடிக்கும். எடைச் சமன் போனதன் விளைவு. எப்படி அடம் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டதால் மதியத்துக்குள் அதோடு பழகிவிட்டேன். இரண்டு நிமிடம் பதினாறு வினாடி என்று கணக்குப் போட்டிருந்தேன். ஓட்டியது இரண்டு இருபத்தொன்று. மெர்லின் இரண்டு இருபத்திரண்டு. அந்த ஒரு வினாடியைப் பற்றி ஸ்ரீபெரும்புதூர் வரை பேசிக்கொண்டு வந்தோம்.

மாலை 5.00. டிரெய்லர் போயிருந்தது. பெரிய சாலையிலேயே போயிருக்கலாம், ஆனால் ஜாக்கி உள்ளே இருந்தது. தடைக்கு முன்னாலேயே காரை நிறுத்தினேன். ஜாக்கியின் கைப்பிடியில் யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

"எத்தனாவதா வந்த?" என்றாள் கஸ்தூரி.

"போட்டி இல்லக்கா."

"அப்ப கடைசியும் இல்ல." டீ வந்தது. அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "காலைல அளந்தியே. இதுல இன்னா தப்புன்னு ஒடைக்க வரானுங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். விதிப்படி உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் மூன்று மீட்டர் எழுபது. இதன் உயரம் அதிகம், அகலம் குறைவு. கார் நடுவயிற்றில் மாட்டும், பைக் தூக்கி எறியும். அகலமாகப் போட்டால் மாட்டாது.

"மாட்டலன்னா வேன்காரன் தூங்கிகினே போவான்."

"நாப்பதுல வந்தா தலை கூரைல இடிக்கும்க்கா," என்றாள் மெர்லின். "நீளமா தூக்கும், அவ்வளவுதான்."

அரை மணி நேரம் பேரம். பத்துக்கு இறக்க முடியாது என்பதில் கஸ்தூரி அசையவில்லை. உயரத்தைத் தொடுவதில்லை, இருபக்கமும் சரிவை மட்டும் நீட்டுவது என்று முடிவானது. கான்கிரீட் கட்டி அவர்கள் பொறுப்பு. வரைபடமும் மனுவும் எங்கள் பொறுப்பு. விதிப்படி அதுவும் தவறுதான். ஆனால் உடைக்க வருபவரிடம் உட்கார்ந்து பேச இடம் தரும் தவறு.

படப்பையில் எங்கள் மனைப்பிரிவுக்குள் திரும்பும்போது இருட்டிவிட்டது. உள்ளே மூன்று வேகத்தடைகள், மனைக்காரர்கள் சங்கம் போட்டவை. அவற்றுக்கும் யாரும் அனுமதி வாங்கவில்லை. அவற்றை அளக்க இதுவரை யாரும் டேப்போடு வந்ததில்லை, என்னைத் தவிர.

இப்போதைய நிலை இது. தடை இருக்கிறது: உயரம் பதினான்கு, அகலம் இரண்டு மீட்டர், இன்னும் நீள வேண்டும். மனு கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை, ஜேசிபியும் வரவில்லை. மெர்லின் ஹோசூர் போய்விட்டாள். சரிவு போட்டு முடிக்கும் வரை காரை இறக்குவதில்லை என்று கஸ்தூரியிடம் சொல்லியிருக்கிறேன். கார் பதினான்கரையில் நிற்கிறது.