படித்துக் காட்டிய கடுதாசி

எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிப்பாயாகப் போனவர்கள் சண்டைக் களத்திலிருந்து வூட்டுக்கு எழுதின கடுதாசிகளைச் சேர்ப்பது. பென்னாகரத்தில் சரித்திர வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைவேன். ஆறு வருஷத்தில் கிடைத்தது மூன்றே மூன்று. அதிலும் முழுசாக ஒன்றுகூட இல்லை, எல்லாம் கரையான் தின்ற மிச்சம். ஸ்டாஃப் ரூமில் என்னைப் 'பட்டாளம்' என்று கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது வாக்கில் இண்டூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கடுதாசி ஒன்று சேதாரமில்லாமல் இருப்பது தெரிந்தது. வூட்டுக்காரம்மாவின் மாமனாருக்குத் தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர். அவர் சுகமாக இருப்பதாக எழுதியது என்று நம்பி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள் தடவியிருந்தார்கள். புள்ளி வைக்காத பழைய கையெழுத்து. அந்த வூட்டில் ஒருத்தருக்கும் படிக்க வரவில்லை. மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு அந்தம்மா இறங்கி வந்தார். முழுக்கப் படித்துக் காட்டினால் நானே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

எப்போதும் முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அன்றைக்கு என்ன கேடோ, வாசலில் அக்கம்பக்கத்துச் சனம் கூடியிருந்தது, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டாமா? ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். எழுதியது அவர் இல்லை, கூட இருந்த இன்னொரு சிப்பாய், அவருடைய அப்பா அம்மாவுக்கு. ஓயாத மழை, அரை வயிற்றுச் சோறு, குண்டைவிடக் காய்ச்சலில் போனவர்களே அதிகம் என்றெல்லாம் எழுதியிருந்தார். வாசிக்கிற ருசியில் அடுத்த வரியை முன்கூட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் மகன் போன அமாவாசையன்று செத்துப்போனான், தானே மண் தள்ளினேன் என்றிருந்ததையும் உரக்கப் படித்துத் தொலைத்தேன்.

அந்தம்மா அழவில்லை. கடுதாசியை என் கையிலிருந்து வாங்கினார், நாலாகக் கிழித்தார், வாசலில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டார். சாவுச் சேதி வந்த காகிதத்தை யார்தான் வூட்டுக்குள் வைப்பார்கள்? என் அம்மாவும் படித்த கையோடு கிழித்துத்தான் போடுவார். இதெல்லாம் தெரிந்தும் வாசித்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேலே ஆச்சுங்களே அம்மா என்றேன்.

"எங்களுக்கு இன்னிக்குத்தானுங்க வந்துச்சு."

அந்த அடுப்பிலிருந்தே ஒரு வாளி மொண்டு என் முன்னால் வைத்தார்.

"நீங்களும் தலைக்கு ஊத்திக்கிட்டுப் போங்க சார். சேதி கொண்டாந்தது நீங்கதானுங்களே."

ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் நன்றாகத்தான் காய்ந்திருந்தது, என் கடுதாசியும் சேர்ந்து எரிந்ததில்லையா.