சிவக்காத தூள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. தண்ணீரில் கரைந்திருந்து தோலைப் புண்ணாக்கும் நிக்கலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு கரிமச் சேர்மத்தை உண்டாக்குவதுதான் என் வேலை. நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல அதன் மூலக்கூறு நிக்கலை இரண்டு பக்கமும் கவ்வும் என்று தாளில் வரைந்து வைத்திருந்தேன். தாளில் யார் வேண்டுமானாலும் வரையலாம். அதைக் குடுவையில் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுவிடும், குளிர்விக்க வழியில்லாமல் கொதிக்கிற குடுவை கருகிப்போகும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள் தேறியது. இது வேலை செய்யாவிட்டால் இத்தனை வருஷப் பாடும் வீண்.

சோதனைக்கு நிஜமான கழிவுநீர் வேண்டும். சிம்மக்கல் பக்கம் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தவரிடம் கேனைக் கொடுத்து, "அண்ணே, ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றேன். வாங்கிய கையில் விரலிடுக்கெல்லாம் புண். மறுநாள் கேனைக் கழுவித் துடைத்து, நிரப்பி வைத்திருந்தார்.

கண்ணாடிக் குழாயில் தூளைப் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினேன். கீழே இறங்கியதில் நிக்கல் துளிகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கும்போதுதான் உறைத்தது: நிக்கலைப் பிடித்திருந்தால் தூள் சிவந்திருக்க வேண்டுமே, இந்தப் பாழாய்ப்போனது வெள்ளை வெளேரென்றல்லவா இருக்கிறது! கேனில் மிச்சமிருந்ததைச் சோதித்தேன். அதிலேயே நிக்கல் இல்லை.

கேனோடு பட்டறைக்கு ஓடினேன்.

"படிக்கிற பிள்ளைக்குப் போயி சாக்கடைத் தண்ணியக் குடுப்பாகளா? வீட்ல குடிக்கப் பிடிச்சு வச்சதத்தான் தங்கச்சி ஊத்தி விட்டேன்" என்றார். தெருவே குடத்தோடு அலைந்த கோடை அது. சண்டைக்குப் போனவள் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"முலாம் பூசிட்டு அலசுவீகள்ல, அந்தத் தண்ணிதான்ணே வேணும்."

"அதுல என்ன இருக்கு? பாக்கத் தெளிவாத்தான இருக்கு" என்றவர், அப்படி என்னதான் செய்கிறேன் பார்ப்போமென்று அந்தத் தண்ணீர் நிரப்பிய கேனோடு தானும் பஸ் ஏறிவிட்டார்.

அவர் சொன்னதுபோல அது தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் அம்மோனியா சொட்டிப் பக்குவப்படுத்தி ஊற்றினேன். வெற்றிலை போட்ட வாய் சிவப்பதுபோலத் தூளின் மேல்பரப்பு சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு மெல்லக் கீழே இறங்கியது. அடியில் சொட்டியதைச் சோதித்தால் நிக்கல் இல்லை. நான் தாளில் கிறுக்கிய கொடுக்கு நிஜமாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அது, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைப் பிடித்து என் முன்னால் காட்டிக்கொண்டிருக்கிறது. கைகூப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

பட்டறைக்காரர் குழாயருகே குனிந்தபடியே நின்றார்.

"இம்புட்டும் அந்தத் தண்ணிக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "அதுலதான தங்கச்சி தெனமும் கை கழுவுறேன்" என்றார்.