கூரையில் துடைப்பம்

"தொண்டை," என்கிறார் வீபே, சாரத்தின் மேலிருந்தபடி. கீழே பலகைப் பாதையில் கழுத்துத் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு டாக்டரைப் பார்க்க ஒரு மாணவி வருகிறாள். அவளுக்குப் பின்னால் வருபவன் சைக்கிளைப் பூட்டக்கூட மறந்து நடக்கிறான். "பரீட்சை." அடுத்தவன் கால்களை அகட்டி அகட்டி வைக்கிறான். வீபே கொஞ்சம் யோசிக்கிறார். "அது அவனுக்கும் டாக்டருக்கும் நடுவுல," என்றுவிட்டு மறுபடி ஆணி அடிக்கத் தொடங்குகிறார்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்தை விரிவாக்கும் வேலைக்கு வீபே டெர்ப்ஸ்ட்ராதான் மேற்பார்வையாளர். ஒரு பாதியில் மருத்துவம் நடக்கிறது, மறுபாதியை இடித்துக் கட்டுகிறார்கள். நடுவில் தொங்குவது ஒரு பிளாஸ்டிக் திரை. திரைக்கு இந்தப் பக்கம் வரவேற்பு மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீபேக்குக் காற்றிலேயே வளர்ந்த சிவந்த முகம். மதியம் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, ஒரு பாக்கெட் மோர். இதில் மாற்றமே கிடையாது. வானொலியை அலற விடுவார். மனநல ஆலோசகர் வந்து கெஞ்சியபோது மரியாதையாக அணைத்துவிட்டார், அதன்பிறகு அதே பாட்டுகளைச் சீட்டியடித்தார். வரைபடத்தில் அறைகளுக்கு எண்கள் இருக்கின்றன. அவருக்கு அவை ஊசி அறை, அழுகை அறை, 'ஆ காட்டு' அறை.

டாக்டர் யோலைன் யாருடைய நெஞ்சிலாவது ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் முன் சுவரில் முஷ்டியால் குத்துவார். அந்தப் பக்கம் துளைப்பான் நின்றுவிடும். அமைதி. பிறகு வீபேயின் குரல் வரும்: "உசிரோட இருக்கானா?" காத்திருப்பவர்கள் காய்ச்சலோடு சிரிப்பார்கள்.

இத்தனை உரிமை எடுத்துக்கொள்பவர் திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வெறும் சுவராக இருக்கும்வரை ஓர் அறை அவருடையது. அதில் நோயாளிக் கட்டிலைப் போட்டுவிட்டால், கதவுப்பிடி ஆடுகிறது என்றாலும் ஆளைத்தான் அனுப்புவார். ஏதாவது பேச வேண்டுமென்றால் என் ஜன்னலைத் தட்டுவார். ஒருநாள் அப்படித் தட்டி, "படிப்பு முடிஞ்சிருச்சுன்னியே, அப்புறம் ஏன் இன்னும் இங்கயே உக்காந்திருக்க?" என்று கேட்டார். என் வீட்டில் பல்கலைக்கழகம் வரை வந்தவள் நான் மட்டும்தான். அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கத் துணியவில்லை. சிரித்து வைத்தேன். "பரீட்சை முடிஞ்சும் பரீட்சை மூஞ்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூரையின் உச்சி உத்தரம் ஏறிய அன்றுதான் வம்பு தொடங்கியது. எங்கள் ஊர் வழக்கப்படி அந்த நாளில் கட்டடத்தின் மேல் கொடி ஏறும். கட்டடத்தின் சொந்தக்காரர் வேலையாட்களுக்கு பீர் வாங்கித் தர வேண்டும். தராவிட்டால் கொடி இறங்கி அந்த இடத்தில் துடைப்பம் ஏறும். இவர் கஞ்சன் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நல மைய வளாகத்தில் மது கூடாது என்று சொல்லி, பல்கலைக்கழகக் கட்டட அலுவலகம் போதையில்லாத பீரை அனுப்பி வைத்தது. வீபே ஒரு வாய் குடித்துவிட்டுப் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலை எங்கள் கூரைமேல் ஒரு துடைப்பம் நின்றது.

அதைக் கட்டியவர் ஓடு வேயும் யூசுஃப். அவர் மதுவைத் தொடவே மாட்டார். "எனக்கு இந்த பீரு பிடிச்சுதான் இருந்துச்சு, ரெண்டு குடிச்சேன்," என்றார் என்னிடம். "ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

டாக்டர் யோலைன் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தார்.

"வீபே, அதை இறக்குங்க. பசங்க போட்டோ எடுக்குறாங்க."

"எடுக்கட்டும் டாக்டரம்மா."

"உள்ள சுவர் பூரா 'குடியைக் குறை'ன்னு ஒட்டி வெச்சிருக்கேன். இங்க நான் எப்படி பீரு குடுக்க முடியும்?"

"அந்தச் சுவரைக் கட்டினவன் தாகத்தோட நிக்கிறான்."

யோலைன் கையைக் கட்டிக்கொண்டார். "சரி. வேலை முடிஞ்சதும், வேலிக்கு வெளியில, என் காசுல ஒரு பெட்டி. நெஜமான பீரு. ஆனா அதுக்கு எனக்கு உங்க கை வேணும். ரத்த அழுத்தம் பாக்கணும்."

சாரத்தில் சுத்தியல்கள் நின்றன. சில வாரங்களாகவே வீபே ஏணியில் பாதியில் நின்றுவிடுகிறார். ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். அந்த இடத்தில் தட்டிப் பார்க்க எதுவும் இல்லை. அது டாக்டரின் ஜன்னலுக்கு நேர் எதிரே நடக்கிறது.

"நீங்க மாணவருங்க டாக்டரு. நான் என்ன மாணவனா?"

"அண்ணே, குடுத்துருங்க," என்று மேலிருந்து யூசுஃப் கத்தினார். "பழைய கைதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். வீபே சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "அது ஏறியிருந்தா, ஏணியில ஏறாதேம்பீங்க."

"சொல்லத்தான் செய்வேன்."

"கூரைமேல ஏறலைன்னா நான் யாரு? கீழ உக்காந்து ஓடு எண்ணுறவனா?"

"விழுந்துட்டா அந்தக் கேள்வியே இருக்காது," என்றார் யோலைன்.

எங்கள் ஊரில் இதையெல்லாம் சுற்றி வளைக்காமல்தான் சொல்வார்கள். இருந்தும் நான் ஜன்னலைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். நான் யார் என்று என்னைக் கேட்டுக்கொள்ள எனக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது. இவர் சகதியில் நின்றபடி, இத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

வீபே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. காத்திருந்த மாணவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். உள்ளே போனவர் நெடுநேரம் கழித்து, சட்டைக் கையைக்கூட இறக்காமல் வெளியே வந்தார். யாரும் கேட்கவில்லை. அவரே அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நல்லா ஏறியிருக்கு. மாத்திரையாம். அது இறங்குற வரைக்கும் ஏணி கிடையாதாம். பீரு ஒண்ணே ஒண்ணாம்."

சாயங்காலம் வேலிக்கு வெளியே டாக்டரின் பெட்டி வந்து இறங்கியது. துடைப்பத்தை இறக்கிக் கொடியை மறுபடி ஏற்ற வேண்டும். வீபே கட்டிய எந்தக் கட்டடத்திலும் கொடியை வேறு யாரும் கட்டியதில்லையாம். மடித்த கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் ஏணியருகே போனார். அண்ணாந்து பார்த்தார். யூசுஃப் இரண்டடி பின்னால் நின்றார், கையை நீட்டாமல்.

வீபே கொடியை எடுத்து யூசுஃபின் தோளில் போட்டார். பிறகு குனிந்து, ஏணியின் அடிப்படியில் பூட்ஸ் காலை அழுத்தி ஊன்றினார், இரண்டு பக்கமும் கைகளால் இறுகப் பிடித்தார். யூசுஃப் மேலே ஏற ஏற, அந்தக் கால் அங்கேயே இருந்தது.