மாதிரித் தேர்வில் நான் போட்டு அடித்த கையெழுத்து

ஒரகடம் ரோட்டில் நான் கட்டியதைச் சொல்கிறேன். பாறை நிலத்தில் போர் போட்டேன். கம்பெனிப் பையன்களுக்கு வரிசையாக ரூம், மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே மெஸ். பேங்கில் ஒருத்தரும் என்னை நம்பவில்லை. படித்ததோ அஞ்சாவது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மெஸ் நடத்திய அம்மாவின் பெண்ணைப் பத்தாவது தேற வைத்ததும் நான்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அரசுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில், காதால் கேட்டே படித்தாள். மாதிரித் தேர்வில் தேறினால்தான் பொதுத்தேர்வுக்கு அனுப்புவேன் என்றுவிட்டார் ஹெட்மாஸ்டர். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு நடுவில் அம்மை போட்டுவிட்டது. அறிவியல் பாக்கி. எழுதுகிறவர் அவளைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டுமாம். என் ரூம்களில் இருந்த திருநெல்வேலிப் பையன்கள் அத்தனை பேரும் ஐடிஐ, டிப்ளமோ. ஒருத்தனும் லாயக்கில்லை. முழுத் தகுதி எனக்குத்தான் இருந்தது.

என் காம்பவுண்டு போர்டெல்லாம் எழுதியவன் நான். பரீட்சையையும் அதே அளவில் எழுதினேன், பக்கத்துக்கு நாலு வரி. கூடுதல் தாளுக்கு வாத்தியார் ஓடிக்கினே இருந்தார்.

நிலத்தடி நீர் பற்றி ஒரு கேள்வி. மழைத் தண்ணீர் ஊறி அடியில் சேர்கிறது என்றாள்.

"இங்க எங்க சேருது? போர் போட்டவன் நானா நீயா?"

"தாத்தா, உன் போரு பரிச்சையில இல்ல. சொல்றத எழுது."

"எழுதிக்கினுதான கீறேன்."

"பேனா சத்தமே கேக்கல. உன் சத்தம்தான் கேக்குது."

போர்டு எழுதினால் கீழே கையெழுத்துப் போடுவது என் வழக்கம். தாளைக் கட்டும்போது வாத்தியார் பார்த்துவிட்டார்.

"பெரியவரே, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க! பக்கத்துக்குப் பக்கம் உங்க பேரு! இந்தப் பேப்பர் செல்லாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இது யார் பரிச்ச தாத்தா?"

"ரெண்டு பேருதும்தான்."

"அப்ப அடி. எல்லாத்தையும் அடி."

மணி அடிப்பதற்குள் அடித்துவிட்டால் வாங்கிக்கொள்கிறேன் என்றார், சத்தம் கேட்டு வந்த ஹெட்மாஸ்டர். கட்டினதை நான் இடித்ததே கிடையாது. அன்றைக்கு என் பேரை என் கையாலேயே அடித்தேன். அவள் ஒவ்வொரு கோட்டையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

மாதிரித் தேர்வில் தேறினாள். பொதுத்தேர்விலும் தேறினாள். பள்ளிக்கூடச் சுவரில் அவள் பேர் இருக்கிறது, ரொம்ப சரி. அதன் கீழே இடம் சும்மாதான் கிடக்கிறது. அறிவியல் எழுதிய கை இன்னார் கை என்று அங்கே ஒரு வரி வர வேண்டும். பெயிண்டும் பிரஷும் நான் கொண்டுவருகிறேன். எழுதுவதும் நான்தான். இந்தத் தடவை அடிக்கச் சொல்லக்கூடாது.