முடிக்காமல் விட்ட நாடகம்

இதை எழுதப் பல வருஷமாகக் கை வரவில்லை. தப்பு என்னுடையது.

எங்கள் ரெட்டியபட்டிப் பக்கம் எந்தக் கோயில் பொங்கலுக்கு நாடகம் போட்டாலும் ஒருவர் பார்க்க வந்துவிடுவார். பேர் தெரியாது. ஒடிசலான உடம்பு. ஆர்மோனியத்துக்கு எதிரே துண்டை விரித்து உட்கார்ந்தால் மங்களம் பாடும்வரை எழ மாட்டார். "பபூன் பேச்சு நீண்டா கதை செத்துரும். பாட்டு கொறைஞ்சாலும் பரவாயில்ல, நாடகத்தப் பாதியில விடக்கூடாது" என்பார்.

அந்த வருஷம் விழாக் கமிட்டியில் நான் இருந்தேன். நாடகத்தில் ராணி, செத்த பிள்ளையைச் சுடுகாட்டில் கிடத்தி அழுகிற கட்டம். கடைசியில் சாமி வந்து பிள்ளையை எழுப்ப வேண்டும். கூட்டம் கலைந்துவிட்டதே என்று நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, எம்மகன் மதுரை ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காமக் கெடக்கான். இந்தப் பிள்ளை எந்திரிக்கிறதப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

பதறிப்போய் மேடைக்குப் பின்னால் ஓடினேன். அவரும் கூடவே வந்தார். பிள்ளை வேஷம் போட்டவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"மறுபடி படுக்கச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. சாமி எழுப்பி எந்திரிக்கணும். டீக்கு எந்திரிச்சவனப் பாத்து நான் என்ன செய்ய?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நடந்தார். அதன்பிறகு எந்த நாடகத்திலும் அவரைக் காணவில்லை. அவர் மகன் கண் முழித்தானா என்று அம்மன் முன்னால் நின்று தினமும் கேட்கிறேன்.

இதைப் பிறரிடம் சொல்கிறவர்கள் இப்படியே சொல்லுங்கள். மகன் பிழைத்துக்கொண்டான் என்று ஆறுதலுக்குக்கூடச் சேர்க்க வேண்டாம். அது எனக்கே தெரியாது.