ஒற்றை இருக்கைக் காரின் பின்சீட்

அறுபத்தெட்டு வயதில், மணிக்கு முந்நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கையால் காது குடைந்துகொண்டே, உலகச் சாம்பியன்கள் பத்தொன்பது பேரை ஒரே வளைவில் முந்தியவன் நான். நம்பமாட்டீர்கள். என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. ஆனால் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை. பாதியைக் குறைத்துத்தான் சொல்கிறேன். முழுசாகச் சொன்னால் உங்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மாப்பிள்ளை ஒரு கார் பந்தய கேம் வாங்கிவந்தார். கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது, நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை இருக்கைக் கார்கள். உரிமம் வாங்கிச் செய்த அசல் கேம் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. நிஜ அணிகள், நிஜ ஓட்டுநர் பெயர்கள், காரில் ஒட்டிய விளம்பரம் வரைக்கும் அச்சு அசல். மேசையில் திருகிப் பூட்டிய ஸ்டியரிங். காலடியில் பெடல்.

"மாமா, நீங்க ஓட்டுறது ரேஸ் இல்ல. டவுன் பஸ். வளைவுக்கு வளைவு நிறுத்தி ஆள் ஏத்துறீங்க."

"ஆள் ஏத்துறவனுக்குத்தான் மாப்பிள்ளை பிரேக்கோட அருமை தெரியும்."

கேலி ஒரு மாதம் நடந்தது. பிறகு அவருடைய சாதனை நேரத்தை நான் அரை நொடியில் நெருங்கினேன். மனுஷர் முகம் சுண்டிவிட்டது.

அன்று மகளும் அவரும் மலைமேல் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். பேய் என்றால் நடுராத்திரிதான் என்று யார் சட்டம் போட்டது? எனக்கு வந்தது பட்டப்பகலில், சாப்பிட்ட கை காய்வதற்குள். மணி இரண்டே கால்.

மாப்பிள்ளை வருவதற்குள் அவர் சாதனையை உடைத்துவிட வேண்டும் என்று கேம் பெட்டியை ஆன் செய்தேன். வழக்கமாக முதலில் உரிம அறிவிப்பு வரும். பிறகு அணிகளின் சின்னங்கள் வரும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஓடும். அன்று எதுவும் வரவில்லை. நேராகப் பாதை.

கார்களில் விளம்பரம் இல்லை. எண் இல்லை. ஓட்டுநர் பெயர் வரும் இடமெல்லாம் காலி. பத்தொன்பது காரும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. பார்வையாளர் வரிசையில் ஒரு தலைகூட இல்லை.

'கேம் பழசாகிவிட்டது போல' என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். பறந்தது. ஒவ்வொன்றாக முந்தினேன். கடைசிக் காரையும் தாண்டியதும் முன்னால் வெறும் பாதை.

அப்போதுதான் இறக்கம் வந்தது.

அந்தப் பாதையில் இறக்கமே கிடையாது. எனக்கு அதன் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அந்தக் காருக்கு ஒரே இருக்கை. கண்ணாடியில் பின்பக்கத்து இறக்கை தெரியும், பின்னால் வரும் கார் தெரியும். வேறெதுவும் தெரிய வழியில்லை.

பின்சீட் தெரிந்தது.

அதில் என் மகள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன். வேகம் கூடியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எழுந்து ஓடலாம் என்றால், விரல்கள் பிரியவில்லை. "எழுந்திரும்மா" என்று கத்தினேன். கத்தினதாகத்தான் நினைத்தேன். குரல் வரவில்லை.

எதிரே வலப்பக்கம் திரும்பும் வளைவு. இடப்பக்கம் சுவர்.

அப்போது...

டிங்.

கயிறு இழுத்து அடிக்கும் பஸ் மணி.

டிங். டிங்.

மொத்தம் மூன்று.

ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கிளம்பு. எல்லா பஸ்ஸிலும் அதுதான் வழக்கம். மூன்று மணி எந்த பஸ்ஸிலும் கிடையாது, என் பஸ்ஸைத் தவிர. ஒரு தடவை ஆள் நிறைந்த பஸ்ஸுக்கு இறக்கத்தில் பிரேக் போனது. படியில் தொங்கிக்கொண்டு வெளியே பார்த்த என் கண்டக்டர் மூன்று முறை அடித்தான். 'இடப்பக்கம் மண்மேடு, ஏத்து' என்று அர்த்தம். ஏற்றினேன். எல்லோரும் பிழைத்தோம். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பாஷை. ஆள் ஒல்லி, ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவேன்.

அவன் செத்து ஒன்பது வருஷம்.

டிங். டிங். டிங்.

கண் முன்னால் சுவர்தான் தெரிகிறது.

இடப்பக்கம் ஒடித்தேன்.

திரை இருண்டது. விரல்கள் விட்டன. ஸ்டியரிங்கின் மேல் குப்புறக் கிடந்தேன். மகளின் எண்ணுக்குப் போன் போட்டேன். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் யாருடைய வண்டியிலோ வந்து இறங்கினார்கள். மகள் நெற்றியில் கட்டு. வேறு காயமில்லை. மாப்பிள்ளை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பின்சீட்டையும் பிரேக்கையும் பற்றிச் சொன்னேன். மணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை.

"பிரேக் போச்சு மாமா. அவ பின்னாடி தூங்கிட்டிருந்தா. நான் வளைவோட சேர்த்து வலது பக்கம்தான் ஒடிச்சேன். ஸ்டியரிங் என் கையை மீறி இடது பக்கம் போச்சு. ரோட்டோரம் கொட்டி வச்சிருந்த மண்ணுல ஏறி நின்னுச்சு. வளைவு தாண்டினா லாரி ஒண்ணு குறுக்கே நிக்குது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கேட்டுச்சு. மணி மாதிரி... மூணு தடவை."

"மாப்பிள்ளை, கிழவன் வழக்கம்போலக் கதை விடுறான்னு சொல்லிடுங்களேன். நிம்மதியாத் தூங்குவேன்."

அவர் எழுந்து போய் கேம் பெட்டியில் டிஸ்க் போடும் தட்டைத் திறந்தார். காலி. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கேம் டிஸ்க். உறையிலிருந்து மண் உதிர்ந்தது.

"என் ரெக்கார்டை உடைச்சிடுவீங்கன்னு நான்தான் கையோட எடுத்துட்டுப் போனேன். காருக்குள்ளதான் இருந்துச்சு. இது இல்லாம அந்தக் கேம் ஓடாது மாமா."

உதிர்ந்த மண்ணை விரலால் கூட்டிக் குவித்தார்.

"ஆனா ஓடியிருக்கு. நீங்க சொன்னது நடந்திருக்கு."