பன்னெண்டு பூட்டும் அம்மாவோட கம்மலும்

டக்... டக்... டக்...

காலையில எட்டு மணிக்கு எங்க ஹாஸ்டல்ல இந்தச் சத்தம்தான் கேக்கும். பன்னெண்டு தகரப் பொட்டி, பன்னெண்டு பூட்டு. ஒவ்வொருத்தியா தொறக்கும்போது பாச்சா உருண்டையும் பவுடரும் முறுக்கும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்க... அடடா!

கோவில்பட்டியில லேடீஸ் ஹாஸ்டல். ஃபர்ஸ்ட் இயர். ரூம்னு பேருதான், நெசத்துல அது நாங்க பன்னெண்டு பேரு படுக்குற ஒரு நீள ஹால். சேர்ந்த மொத வாரமே திருட்டு ஆரம்பிச்சுட்டு. சோப்பு போச்சு. சீப்பு போச்சு. செல்வியோட புது பக்கெட்டு போச்சு. வார்டன் மேடத்துகிட்ட சொன்னா, "அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்களே பொறுப்பு"ன்னு ஒரு பேப்பர சுவத்துல ஒட்டிட்டுப் போயிட்டாவ.

நான் ஓடிப்போயி என் பொட்டியத்தான் மொதல்ல தொறந்து பார்த்தேன். எங்கிட்ட அம்மாவோட கம்மல் இருந்துச்சுல்லா.

எங்க வீட்டுல ஆடுதான் பொழப்பு. பாஞ்சாலங்குறிச்சி பக்கம். ரெண்டு கெடாவ வித்து எடுத்த கம்மல் அது. "காலேஜுக்குப் போற புள்ள மூளிக் காதோட போவக் கூடாது"ன்னு கழத்தி என் கையில குடுத்துட்டு, அம்மா காது ஓட்டையில வேப்பங்குச்சிய மாட்டிக்கிட்டா. தை மாசம் மாமாவுக்குக் கல்யாணம். அன்னைக்கு அது அம்மா காதுல கெடக்கணும். தொலச்சேன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?

விசேஷம்னா மட்டும் போடுவேன். மத்த நாளு பிளாஸ்டிக் தோடு. கம்மல் பொட்டிக்குள்ள, சேலைக்கு அடியில, ஒரு சின்ன டப்பாவுல.

செல்வி கயத்தாறுக்காரி. வாயத் தொறந்தா ஊரே அடங்கும். அவதான் எங்க எல்லாரையும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு இரும்புக் கடைக்கு இழுத்துக்கிட்டுப் போனா.

"அண்ணாச்சி, பன்னெண்டு பூட்டு வாங்குதோம். வெலையப் பார்த்துச் சொல்லுங்க."

அண்ணாச்சி உள்ள போயி ஒரு அட்டைப் பொட்டியத் தூசி தட்டிக் கொண்டாந்தாவ. "ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல சொல்லி வச்சது தாயி... அவிய எடுக்கல. மொத்தமா எடுத்தா பாதி வெல."

பாதி வெலையா! அதுக்கு மேல எவ கேள்வி கேப்பா? ஜெயிச்ச மாதிரி ஐஸ் தின்னுக்கிட்டே வந்தோம்.

ஐப்பசி மழையில ஹால் ஒழுகிச்சு. கட்டில், பொட்டி எல்லாத்தையும் இடம் மாத்திப் போட்டோம். ஒரு நாள் காலேஜ் விட்டு வந்து, செருப்புல அப்பிக்கெடந்த கரிசல் மண்ணக் கழுவிட்டு, அவசரமா பொட்டியத் தொறந்தா... உள்ள எனக்குச் சொந்தமில்லாத ஒரு செவப்புச் சேல. பக்கத்துல அதிரசம். அது பக்கத்துக் கட்டில் ராஜியோட பொட்டி! என் சாவியில தொறந்திருக்கு!

அடுத்த பொட்டியில போட்டுப் பார்த்தேன். டக். அதுக்கடுத்தது. டக். அப்பத்தான் வெளங்குச்சு... பன்னெண்டு பூட்டும் ஒரே சாவியில தொறக்கணும்னுதான் தீப்பெட்டி ஆபீஸ்காரவிய சொல்லி வச்சிருக்காவ.

(அதிரசம் ஒண்ணு தின்னேன். பொய் சொல்லக் கூடாதுல்லா.)

யாருகிட்டயும் மூச்சு விடல. சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். சொல்லாட்டி, எவளாவது என்னைய மாதிரி கண்டுபிடிச்சிட்டான்னா? ரெண்டு நாளு ராத்திரி பொட்டி மேல கைய வச்சுக்கிட்டே படுத்தேன்.

மூணாம் நாள் ஒரு ரோசனை. அம்மா குடுத்துவிட்ட இட்லிப் பொடி, என் பொட்டியில ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொஞ்சம் கெடந்துச்சு. கம்மல அதுக்குள்ள பொதச்சுட்டேன். பொடிக்குள்ள தங்கம் இருக்கும்னு எந்தத் திருடி நெனப்பா? என் புத்திய நானே மெச்சிக்கிட்டேன்.

மறுநா காலையில குளிச்சிட்டு வந்து பொட்டியத் தொறந்தா... பாட்டிலக் காணோம்.

அழுதுக்கிட்டே மெஸ்ஸுக்கு ஓடுனேன். அங்கன எங்க ரூம்காரிக பதினோரு பேரும் இட்லியும் பொடியுமா உக்காந்திருக்காளுவ. நடுவுல என் பாட்டில்!

"ஏட்டி, தின்னாதீங்கட்டி! அதுக்குள்ள எங்கம்மா கம்மல் கெடக்கு!"

 பதினோரு தட்டுலயும் விரலு தேடுச்சு பாருங்க... ராஜி வாயில போட்டதக்கூட வெளிய எடுத்துப் பார்த்தா. ஒரு கம்மல் செல்வி தட்டுல எண்ணெயில மிதந்த பொடிக்கு அடியில. இன்னொண்ணு பாட்டில் அடியிலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் திருகாணியோட! எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு.

அழுக நின்ன பெறகுதான் கோவம் வந்துச்சு. "எம் பொட்டிய யாருட்டி தொறந்தது?"

செல்வி அசரல. "எல்லாரும்தான் தொறக்குதோம். பூட்டு வாங்குன மறுநாளே தெரியுமே. உனக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்?"

அதான் பொடி அவ்வளவு சீக்கிரம் கொறஞ்சுதா!

"அப்ப கம்மல்?"

"சேலைக்கு அடியில டப்பாவுலதான வச்சிருந்த? பொடி எடுக்கும்போதெல்லாம் கம்மல் இருக்கான்னு பார்த்துட்டுத்தாம்ட்டி பொட்டியப் பூட்டுவோம். ஒரு நா நீ டப்பாவ மூடாமப் போயிட்ட, ராஜிதான் மூடி வச்சா. இன்னைக்கு டப்பா காலியா இருக்கவும், நீ போட்டுக்கிட்டன்னு நெனச்சோம். பொடிக்குள்ள போடுவாளாட்டி ஒருத்தி... கூறுகெட்டவளே!"

வெக்கமாப் போச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து சிரிப்பா வந்துட்டு. ராஜி அவ தட்டுல இருந்து ஒரு இட்லிய எடுத்து என் வாயில திணிச்சா.

மாமா கல்யாணத்துல அம்மா அந்தக் கம்மலப் போட்டுக்கிட்டுத்தான் பந்தி விசாரிச்சா. பக்கத்துல போனா லேசா பெருங்காய வாசம். நான் அம்மா தலையில இருந்த மல்லிப்பூவக் காதோரமா இழுத்து விட்டேன்.

இப்ப சென்னையில அபார்ட்மெண்ட். வாசக்கதவுக்கு நம்பர் லாக், கீழ கேமரா, நகையெல்லாம் பேங்க் லாக்கர்ல. ஒரு குண்டூசி தொலஞ்சதில்ல. ஆனா போன மாசம் ஊருக்குக் கெளம்பும்போது, செடிக்குத் தண்ணி ஊத்த யாருகிட்ட நம்பரச் சொல்லலாம்னு ஒவ்வொரு வீடா நெனச்சுப் பார்த்தேன்... ஒருத்தரும் தோணல. தொட்டிகளத் தூக்கி பாத்ரூம்ல வச்சு, தண்ணி ஊத்திட்டுக் கெளம்பிட்டேன். ரெண்டு செடி கருகிப் போச்சு.

அடுத்த தடவ எதுத்த வீட்டுக் கதவத் தட்டப் போறேன். நம்பரச் சொல்லிட்டு, பிரிட்ஜுல இருக்கத எடுத்துத் தின்னுக்கோங்கன்னு சொல்லணும்.

நான் சொல்லாமலே அவிய எடுத்துத் தின்னா இன்னும் சந்தோசம்.